இரண்டாம் நிமிடம், பதினேழாம் நொடி

ஆர்மோ வைனிக்காவின் தலைசிறந்த பதினாறு பாடல்கள்
மெருகேறி வந்து இறங்கின
தம்பரே நகரத்தில், நவம்பரில்,
பகல் மூன்றரைக்கே விளக்குப் போட்ட ஒரு வெள்ளிக்கிழமை.
பெட்டியைப் பிரித்தது நான்தான்.
அட்டையில் அவர் முகச் சுருக்கங்களுக்கும்
யாரோ இஸ்திரி போட்டிருந்தார்கள்.

டிராம் ஓட்டும் ஓஸ்மோ
கையுறையைக் கழற்றாமலே காசு கொடுத்து வாங்கிப்போனவன்,
மறுநாள் கடை திறக்குமுன் வாசலில் நின்றான்.
"சத்தம். முழுக்கச் சத்தம்.
முன்பெல்லாம் ஒரு பாட்டு என்றால் ஏறும், இறங்கும்,
மூச்சு வாங்கும்.
இப்போது மேடு பள்ளமெல்லாம் நிரவித்
தார் ஊற்றிவிட்டார்கள்.
வண்டி ஓட்ட நல்லது.
கேட்பதற்கு?"
திருப்பித் தருகிறாயா என்றேன்.
நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போய்விட்டான்.

பல் மருத்துவர் தூலிக்கிக்கு வேறு காது.
முப்பது வருடமாகப் போர்வைக்கு அடியில் பாடிய மனுஷன்
இப்போதுதான் தலையை வெளியே நீட்டுகிறான், என்றார்.
பேஸ் கிதார் என்று ஒன்று இருப்பதே
இந்த வாரம்தான் தெரிந்ததாம்.
கடைவாயில் துளை போடும்போது
இந்த இசைத்தட்டைத்தான் ஓடவிடுகிறாராம்.
நோயாளிகளின் அபிப்பிராயம்
வாய் திறந்தபடி இருந்ததால் கிடைக்கவில்லை.

பழைய டிரம்மர் ஹெய்மோ வந்தார்.
கடை ஹெட்போனை மாட்டிக்கொண்டு
தொடையில் தட்டிக்கொண்டே இருந்தார்,
ஒவ்வொரு அடியும்
பாட்டுக்கு ஒரு மயிரிழை முன்னால்.
"என்னை நேராக்கிவிட்டார்கள்" என்றார் கடைசியில்.
"நான் அவசரக்காரன்.
டிரம்மிலும் சரி, இரண்டு கல்யாணத்திலும் சரி.
இதில் வாசிக்கிறவன் நிதானமான ஆள்.
ராயல்டியை அவனுக்கே அனுப்பட்டும்."

மிர்வாவின் கதைதான் சிக்கல்.
ஒன்பதாம் பாட்டில்
'ஏரி என்னை மறந்துவிட்டது' என்று
இருபத்தெட்டு வருடம் பாடியவள்.
சொற்களைத் துடைத்துத் துலக்கியபின்
தெளிவாகக் கேட்கிறது:
'ஏணியை நான் மறந்துவிட்டேன்.'
புருஷனின் கல்லறையில் ஏரிதான் பொறித்திருக்கிறது.
கல் கொத்தியவனுக்கு அன்றைக்கே ஒரு சந்தேகமாம்,
துக்க வீட்டில் எதற்கு என்று விட்டுவிட்டானாம்.
சொல்லிவிட்டு மிர்வா சிரித்தாள்,
கண்ணைத் துடைத்தாள், மறுபடி சிரித்தாள்.
"அவன் நீச்சல்காரன்.
ஏணியை வைத்துக்கொண்டு என்ன செய்வான்?"

எய்லா வந்தபோது கடையில் ஒரே ஒரு பையன்.
அவர் தடியைக் கல்லாவில் சாய்த்தார்.
நான்காம் பாட்டு, என்றார்.
இந்த ஊரில் அந்தப் பாட்டு தெரியாதவர் இல்லை.
இரண்டாம் நிமிடம் பதினேழாம் நொடியில்
கிதார் சட்டென்று நிற்கும்,
அந்த மௌனத்துக்குள் யாரோ இருமுவார்கள்.
கச்சேரிகளில் அந்த இடம் வந்தால்
மூவாயிரம் பேர் சேர்ந்து இருமுவோம்.

"அது நான்" என்றார் எய்லா.
"பத்தொன்பது வயது. ஜலதோஷம்.
வீட்டுச் சாவியை மறந்துபோன அண்ணனைத் தேடி
ஸ்டூடியோவுக்குள் போய்விட்டேன்.
ஆர்மோ கன்னாபின்னாவென்று திட்டினான்.
மிச்சம் டேப் இல்லை, அப்படியே விட்டுவிட்டான்."

ஸ்பீக்கரில் போட்டேன்.
பதினைந்து. பதினாறு.
பதினேழில்
புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவர்.
ஒரு பல்லிகூட இல்லை.

"இன்னொரு தடவை" என்றார்.
இரண்டாவது முறையும் அப்படித்தான்.
அவர் முகத்தை நான் பார்க்கவில்லை,
விலைச்சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்
அடுக்கி முடித்தவற்றையே.

"நன்றாக இருக்கிறது" என்றார்.
"பாவம், அவனும் ஐம்பது வருடம் பொறுத்துக்கொண்டான்."

அப்போது மெட்டல் அலமாரிப் பக்கம்
எதுவும் தெரியாத அந்தப் பையன்
ஸ்வெட்டர் கைக்குள் இருமினான்,
நிஜமான, சளி கட்டிய இருமல்.
எய்லா திரும்பிப் பார்த்தார்.
"தாமதம்" என்றார்.

ஒன்றும் வாங்கவில்லை.
பேருந்துக்கு நேரமாகிவிட்டது.